பின்தொடை அறிந்தவர்

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நீங்கள் எந்த ஏரிக்கரைக்குப் போனாலும், எந்த அடுக்ககத்தின் உள்பாதையில் நடந்தாலும், ஒருவர் தன் ஒரு காலை சிமெண்டு பெஞ்சின்மேல் நீட்டி வைத்து, அதை நோக்கிக் குனிந்து, அந்தக் காலிடம் ஏதோ விசாரிப்பவரைப்போல் நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில். ஷூ விலை உயர்ந்தது. அதன் அடிப்பாகம் தேயவே இல்லை. ஓடி முடித்தவரா, ஓடப் போகிறவரா? இரண்டும் இல்லை. அவர் பின்தொடை அறிந்தவர்.

இவரை முட்டிவலிக்காரருடனும் முதுகுவலிக்காரருடனும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முட்டிவலிக்காரருக்கு உங்கள் பரிதாபம் போதும். முதுகுவலிக்காரருக்கு உங்கள் நாற்காலி போதும். பின்தொடைக்காரருக்கு நீங்கள் பாடம் கேட்க வேண்டும். கேட்டபின் சந்தேகமும் கேட்க வேண்டும். சந்தேகம் கேட்காதவர்களை அவர் மறுநாள் மீண்டும் பிடித்துக்கொள்வார்.

இவர்கள் பிறப்பதில்லை. ஒரு நாள் தொடைக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. அன்றிலிருந்து இப்படி ஆகிவிடுகிறார்கள்.

வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்தின் சி பிளாக்கில் ஒன்பதாவது மாடியில், என் எதிர்வீட்டில் வசிக்கும் கோவிந்தராஜனுக்கு அந்தச் சத்தம் இரண்டு வருடத்துக்கு முன் அத்திபெலே பக்கத்து மைதானம் ஒன்றில் கேட்டது. அலுவலக கிரிக்கெட். அவர் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் இடைவேளையில் பாட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வேகமாக ஓடியவர், நடுவழியில் நின்று, பின்னால் திரும்பி, "யார்ரா கல்லால அடிச்சது?" என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை. பின்தொடை கிழியும்போது முதலில் தோன்றுவது இந்தச் சந்தேகம்தான் என்பதை அவர் பிற்பாடு தெரிந்துகொண்டார். அன்று தெரியவில்லை. அணியிலும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் காலைப் பிடித்து நன்றாக இழுத்துவிட்டார். இன்னொருவர் தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தார். மூன்றாமவர் நடந்தால் சரியாகிவிடும் என்று மைதானத்தைச் சுற்றி நடக்க வைத்தார். பிறகு எல்லாரும் சேர்ந்து அவரைக் காரில் ஏற்றி, கிழிந்த தசையின்மேலேயே இரண்டரை மணி நேரம் உட்காரவைத்து, வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள். செய்யக் கூடாதவை என்று நான்கு இருந்தால் நான்கும் நடந்தன.

மறுநாள் பார்த்த பிசியோ அனுஷா நல்ல பெண். ஐஸ் வைக்கச் சொன்னாள். துணிப்பட்டை சுற்றினாள். முதல் சில நாட்களுக்கு இழுத்து நீட்டக் கூடாது என்றாள். கிளம்பும்போது, எல்லாரிடமும் சொல்வதுபோல் ஒரு வார்த்தை சொன்னாள். "இதைப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்குங்க சார்."

அந்தக் கொஞ்சம்தான் எங்கள் பிளாக்கில் அறுபது குடும்பங்களைப் பாதித்தது.

எங்கள் லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து ஒன்பதாவது மாடிக்குப் போக நாற்பது நொடி எடுக்கும். நீங்கள் அதில் ஏறும்போது தப்பித்தவறி ஒரு காலை மாற்றி நின்றால் போதும். "எந்தக் கால்?" என்பார் கோவிந்தராஜன். நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. தொடைக்குப் பின்னால் மூன்று தசைகள், சேர்த்து ஹேம்ஸ்ட்ரிங். மூன்றையும் அவர் மரியாதையாகத்தான் குறிப்பிடுவார்.

"மூணு பேர் சார். மூணு பேரும் உட்கார்ற எலும்புல ஆரம்பிச்சு முட்டிக்குக் கீழ வந்து முடியறவங்க. இடுப்பையும் தாண்டணும், முட்டியையும் தாண்டணும். ரெண்டு ஆபீஸ்ல வேலை பாக்கற மாதிரி. கால் முன்னாடி வீசறப்ப பிரேக் போடறது யாரு? இவங்கதான். ஓடறப்ப கிழியறதே அந்த பிரேக்லதான். அதுல வெளிப்பக்கத்துல இருக்காரு பாருங்க, அவருதான் முதல்ல போறவரு."

வெளிப்பக்கத்தவர் மூன்றாவது மாடியில் முடிவார். உள்பக்கத்தில் நூல்போல் போகிறவர் ஆறாவது மாடிவரை. அவருக்கு அடியில் தட்டையாகக் கிடப்பவர் ஒன்பதாவதில் கதவு திறக்கும்போது முடிவார். இதனால் எங்கள் பிளாக்கில் அறிவு மாடிவாரியாகப் பரவியிருக்கிறது. நான்காவது மாடிக்காரர்களுக்கு ஒன்றேகால் தசைதான் தெரியும்.

அடுத்தது கிரேடு. தசை கொஞ்சம் இழுபட்டால் கிரேடு ஒன்று. பாதி கிழிந்தால் இரண்டு. முழுக்க அறுந்தால் மூன்று. அப்போது தொடை நீலமாகிவிடும், நடக்க முடியாது, சிலருக்கு எலும்போடு பெயர்ந்துவிடும். இது அத்தனையும் சரியான விவரம். ஆனால் கோவிந்தராஜன் அதைத் தொடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மெட்ரோ ஸ்டேஷனுக்கு வெளியே நெரிசல் கிரேடு இரண்டு. தாரணி வைத்த ரசத்தில் புளி கிரேடு ஒன்று. மைத்துனருடன் வந்த மனஸ்தாபம் கிரேடு மூன்று, ஆறு மாதத்துக்குப் பாரம் ஏற்றக் கூடாது.

மனைவி தாரணி இதையெல்லாம் எப்படித் தாங்குகிறார் என்று கேட்பீர்கள். தாங்கவில்லை. தரையில் மண்டியிட்டு, கணுக்காலை யாராவது பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, உடம்பை விறைப்பாக வைத்து மெதுவாக முன்னால் சாய்கிற ஒரு பயிற்சி இருக்கிறது. பின்தொடைக்கு மிக நல்லது. பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் அதில் சிக்கல். தாரணி ஒரே ஒரு தடவை பிடித்தார். பாதிச் சாய்வில் குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய்விட்டார். அதற்குப்பின் அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் பிடித்திருக்கிறார்கள். கூரியர்க்காரர் பிடித்திருக்கிறார். ஏசி ரிப்பேருக்கு வந்தவர் பிடித்திருக்கிறார். மக்கள்தொகை விவரம் கேட்டு வந்த அம்மையார் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதியிருக்கிறார். நான் எத்தனை முறை பிடித்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

இத்தனையும் எதற்காக? ஓடுவதற்காக. அவர் ஓடுகிறாரா? இல்லை. ஒரு தடவை கிழிந்தவருக்குத்தான் மறுபடி கிழியும் அபாயம் அதிகம் என்று படித்திருக்கிறார். ஆகவே இரண்டு வருடமாக 'திரும்பி வந்துகொண்டு' இருக்கிறார். வைட்ஃபீல்டிலேயே மிகவும் தயாரான பின்தொடை அவருடையது. அதைப் பயன்படுத்தினால் கெட்டுவிடும்.

அப்படிப்பட்டவரை நாங்கள் ஓட வைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் சங்கத்துக்கு ஒரு பார்ட்டி ஹால் உண்டு. ஒரே தேதிக்கு இரண்டு பிளாக்காரர்கள் கேட்டால் முன்பு சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சீட்டை எடுத்தது யார், மடித்தது யார் என்று சண்டை வந்ததால் பொதுக்குழு கூடி, பதினேழாவது விதி என்று ஒன்றைச் சேர்த்தது. கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்தன்று நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பிளாக்வாரியாகத் தொடரோட்டம் நடக்கும். நவம்பரில் தேதி மோதினால் அதில் ஜெயித்த பிளாக்குக்கே ஹால். சீட்டில் தில்லுமுல்லு பண்ணலாம், காலில் பண்ண முடியாது என்று விளக்கமும் தரப்பட்டது.

இந்த வருடம் பதினாறாம் தேதிக்கு மோதல். எங்கள் பிளாக் ராஜலக்ஷ்மி அம்மாள் தன் பெண் அனன்யாவின் சீமந்தத்துக்குக் கேட்டிருந்தார். அல்சூரில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு இங்கே வந்த குடும்பம். சொந்தம் முழுக்க அல்சூரில்தான், அங்கே வைத்தால் சுலபம். ஆனால் எட்டு மாதக் கர்ப்பிணியை அந்த டிராஃபிக்கில் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் வெளி மண்டபம் ஒன்றும் கிடைக்கவில்லை. தமிழில் கன்னடம் கலந்து பேசுகிற பி பிளாக் ஸ்ரீகண்டனோ அதே தேதியில் மகன் ரித்விக்கின் ஆறாவது பிறந்தநாளுக்கு மேஜிக்காரரைப் பேசி வைத்திருந்தார்.

நான்கு பேர் ஓட வேண்டும். எங்கள் பிளாக்கில் நாற்பதைக் கடந்தவர்களில் மூன்று பேர்தான் ஒப்புக்கொண்டோம். ராஜலக்ஷ்மி அம்மாள் நேராக கோவிந்தராஜன் வீட்டுக்குப் போனார். அவரும் கணுக்காலைப் பிடித்தார் என்று கேள்வி.

"நீங்க ஓடிடுவேளோன்னோ? எனக்கு வேற கதியில்ல. ஹால் கிடைக்கலேன்னா லிஃப்ட் வாசல்ல வெச்சுத்தான் வளையல் அடுக்கணும்."

"ஓடலாம்மா. ஆனா வார்ம்-அப் இருக்கு."

"பண்ணிக்குங்கோ. யார் வேண்டாங்கறா?"

"நாப்பது நிமிஷம் ஆகும்."

"முதல் நாளே ஆரம்பிச்சுடுங்கோ."

நவம்பர் ஒன்றாம் தேதி காலை கொடியேற்றி, மாநிலப் பாடலான நாடகீதம் பாடி, எல்லாருக்கும் கேசரிபாத் கொடுத்தபின் எங்களுக்கும் பி பிளாக்குக்கும் ஓட்டம். செக்யூரிட்டி சூப்பர்வைசர் முனிகிருஷ்ணன் விசிலுடன் நடுவர். கட்டிடங்களைச் சுற்றியுள்ள பாதையை நால்வர் ஆளுக்குக் கால் பங்கு ஓடி, கையில் உள்ள மஞ்சள் சிவப்புக் கொடியை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஆள் நான். நான் கொடியைக் கொடுக்கும்போது நாங்கள் பத்தடி முன்னால் இருந்தோம்.

கோவிந்தராஜன் ஓடினார். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக ஓடினார். இரண்டு வருடமாக முன்னால் சாய்ந்தவரின் ஓட்டம் அது. பத்தடி முப்பதடியானது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அனன்யா நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றின்மேல் கேசரிபாத் கிண்ணத்தை வைத்தபடி, "அங்கிள், அப்படியே வாங்க" என்றாள். ராஜலக்ஷ்மி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அப்போது பின்னால் வந்துகொண்டிருந்த ஸ்ரீகண்டன், "அய்யோ" என்று சொல்லி, தன் வலது தொடையின் பின்புறம் கையை வைத்தார்.

கோவிந்தராஜன் நின்றார்.

கோட்டுக்கு இன்னும் நாற்பதடி. திரும்பினார். கோட்டை நோக்கி ஓடியதைவிட வேகமாக ஸ்ரீகண்டனை நோக்கி ஓடினார். தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"அசையாதீங்க. எந்தக் கால்? டப்புனு கேட்டுச்சா?"

"பேடா சார், வேண்டாம், ஒண்ணும் ஆகல. போன் வந்துச்சு. பின் பாக்கெட்ல வைப்ரேட் ஆச்சு, சும்னே கை வெச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கவுந்து படுங்க."

"சார், ரேஸ் சார்."

"ரேஸ் முக்கியமா, ஹேம்ஸ்ட்ரிங் முக்கியமா? இதைக் கொஞ்சம் பிடிங்க." எங்கள் கொடியை அவர் கையில் கொடுத்தார்.

ஒரு மனிதர் இத்தனை உறுதியாகச் சொன்னால் எதிராளி என்ன செய்வார்? ஸ்ரீகண்டன் இரண்டு கொடிகளையும் பிடித்துக்கொண்டு பாதையில் குப்புறப் படுத்தார். கோவிந்தராஜன் மண்டியிட்டு, உட்காரும் எலும்பிலிருந்து முட்டிவரை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். பிறகு குதிகாலைப் பிடித்து, "முட்டிய மடக்குங்க, நான் தடுக்கறேன்" என்றார். இவர் மடக்கினார். அவர் தடுத்தார். இன்னொரு முறை. வெளிப்பக்கத்தவரைத் தனியாகச் சோதிக்க, பாதத்தைத் திருப்பி மூன்றாவது முறை. நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். முனிகிருஷ்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சார், லைன் இங்கதான் சார் இருக்கு" என்றார் பணிவாக.

கடைசியில் கோவிந்தராஜன் எழுந்து தீர்ப்புச் சொன்னார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க தாராளமா ஓடலாம்."

ஸ்ரீகண்டன் ஓடினார். இரண்டு கொடிகளுடனும்.

எங்கள் ஆள் அப்போதாவது ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. நடந்தார். கைகளை வீசி, நிதானமாக, ஏரிக்கரையில் நடப்பதுபோல் நடந்து வந்து கோட்டைத் தாண்டினார்.

"ஏன் சார் நடந்தீங்க?" என்றேன்.

"மூணு நிமிஷம் மண்டி போட்டு உக்காந்துட்டேன் சந்தானம். உடம்பு ஆறிப்போச்சு. மறுபடி வார்ம்-அப் பண்ணாம ஓடக் கூடாது. நீங்களுமா இப்படிக் கேக்கறீங்க? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

ராஜலக்ஷ்மி அம்மாள் கண்ணைத் திறந்தார். பிறகு முனிகிருஷ்ணனிடம், "நம்ம கொடியும் கோட்டைத் தாண்டிடுத்தோன்னோ?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. இரண்டு கொடியும் ஒரே கணத்தில்தான் தாண்டின. எங்கள் கொடி ஸ்ரீகண்டனின் வலது கையில் இருந்ததால் ஓர் அங்குலம் முன்னாலும் இருந்திருக்கலாம். பதினேழாவது விதியில் ஆள் வர வேண்டுமா, கொடி வர வேண்டுமா என்பது தெளிவாக இல்லை. சங்கத்தின் செயலாளர் இதை ஜனவரி பொதுக்குழுவில் விவாதிக்கலாம் என்றார். அதற்குள் குழந்தை பிறந்துவிடும் என்றாள் அனன்யா. ஹால் பி பிளாக்குக்குப் போயிற்று.

அன்று மாலை எங்கள் பிளாக்கில் லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள், கோவிந்தராஜன் வருவதைப் பார்த்ததும் படிக்கட்டில் ஏறினார்கள். நானும் ஏறினேன், ஒன்பது மாடி. தாரணி சமைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். கோவிந்தராஜன் மட்டும் கலங்கவில்லை. "ஒருவேளை நிஜமாவே கிழிஞ்சிருந்தா?" என்று எல்லாரிடமும் கேட்டார். கிழியவில்லையே என்று சொன்னால், "பாத்ததாலதான தெரிஞ்சது?" என்றார்.

இரண்டாம் தேதி காலை ஸ்ரீகண்டன் கட்டிலிலிருந்து இறங்கினார். வலது தொடைக்குப் பின்னால் யாரோ கிள்ளியதுபோல் இருந்தது. சோதனையில் வந்த வலியா, ஆறிய உடம்போடு ஓடியதில் வந்த வலியா என்பது இன்றுவரை இரண்டு பிளாக்குக்கும் நடுவில் விவகாரம். மாலைக்குள் படி இறங்க முடியவில்லை. அவருக்குத் தெரிந்த நிபுணர் ஒருவர்தான். போன் செய்தார். கோவிந்தராஜன் ஐஸ் பையுடன் போனார். நாட்டு மருந்தெண்ணெய் தேய்க்க வந்த மாமியாரைத் தடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, எனக்குக் கேட்கும்படி கதவருகில் நின்று சொன்னார்: "கிரேடு ஒண்ணு. மூணு வாரம்."

மூன்று வாரம் என்றால் பதினாறாம் தேதி அதற்குள் வருகிறது. முப்பது பிள்ளைகள் குதிக்கிற பார்ட்டியில் நான்கு மணி நேரம் நிற்கக் கூடாது, சாக்கு ஓட்டத்தைத் தொடங்கிவைக்கக் கூடாது, எந்தப் பிள்ளையையும் தூக்கக் கூடாது. ஸ்ரீகண்டன் சொல்பேச்சுக் கேட்கிற நோயாளி. பிறந்தநாளைத் தள்ளிவைக்க முடியாது, பார்ட்டியைத் தள்ளிவைக்கலாம் என்று மேஜிக்காரருக்குச் சொல்லிவிட்டு, ஒரு காலை விந்தி விந்தி சி பிளாக்குக்கு வந்து ஹால் சாவியை ராஜலக்ஷ்மி அம்மாளிடம் கொடுத்தார். "நிம்ம பொண்ணு ஃபங்ஷன் மொதல்ல ஆகட்டும்மா" என்றார். அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போனபின் என்னிடம், "நம்ம கோவிந்தராஜன் ஓடியே ஜெயிச்சிருந்தா நான் இத்தனை ஸ்வீட் பண்ண வேண்டியிருக்காது. இப்ப பி பிளாக்கையும் கூப்பிடணும்" என்றார்.

சீமந்தம் நன்றாக நடந்தது. அனன்யாவின் இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். அல்சூர் சொந்தமெல்லாம் இரண்டு வேனில் வந்து, டிராஃபிக்கைத் திட்டி முடித்துச் சாப்பிட உட்கார்ந்தது. பின்வரிசையில் ஆண்கள். கோவிந்தராஜன் நின்றுகொண்டிருந்தார். யாரோ நாற்காலி எடுத்து வந்தார்கள். "அவருக்குப் போடாதீங்கோ. உட்கார்ந்தா அந்த எலும்பு அழுந்துமாம்" என்றார் ராஜலக்ஷ்மி அம்மாள், வெற்றிலைத் தட்டைக் கடத்திக்கொண்டே.

ஆனால் நான் கவனித்தது அவரை இல்லை. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, நடுவில் ஓட்டையுள்ள காற்றுத் தலையணையின்மேல் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அல்சூரிலிருந்து வந்த ஒரு பெரியவரின் தொடையைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார் ஸ்ரீகண்டன்.

"மூணு பேரு இருக்காங்க சார் இங்க. வெளிப்பக்கத்துல ஒருத்தரு இருக்காரு பாருங்க..."

கோவிந்தராஜன் அதைக் கேட்டார். தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்திருப்பதைப் பார்க்கிறவரின் முகம் அவருக்கு. இந்த இனம் இப்படித்தான் பெருகுகிறது. இதற்குக் கல்யாணம் தேவையில்லை. ஒரு தொடையும் ஒரு சந்தேகமும் போதும்.

அந்த நேரத்தில் மணையிலிருந்து எழுந்த சாஸ்திரிகள் ஒரு கையைப் பின்னால் கொண்டுபோனார். பின்வரிசையிலிருந்து இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கிளம்பினார்கள். "யாராவது அவா ரெண்டு பேரையும் பிடிங்கோ" என்றார் ராஜலக்ஷ்மி அம்மாள். பிடித்தோம். சாஸ்திரிகள் பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உட்காரும் எலும்பு என்று நான் சொன்ன இடத்தில் நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தது யார்? வெளிப்பக்கத்தவர் என்று படித்ததும் விரலால் லேசாக அழுத்திப் பார்த்தது எந்தக் கை? போன மாதம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது ஒரு சின்ன இழுப்பு வந்ததே, அது என்னவாக இருக்கும் என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? கையை எடுங்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள். அவர் நம்பவில்லை என்றால் அந்த இடத்தைவிட்டுப் போய்விடுங்கள், ஓடாமல்.

என்னைப் பற்றி நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். நான் வெறும் பார்வையாளன். மூன்றாவது ஆளாக ஓடிய மறுநாள், அந்த ஒன்பது மாடியையும் ஏறியதாலோ என்னவோ, எனக்கும் இடது காலில் ஒரு சின்னப் பிடிப்பு. கிரேடு ஒன்றுகூட ஆகாது. உள்பக்கத்தில் தட்டையாகக் கிடக்கிறாரே, அவர்தான். எல்லாரும் வெளிப்பக்கத்தவரைப் பற்றியே பேசுகிறார்கள், இவரை யாரும் கவனிப்பதில்லை. இவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லிஃப்ட் வரும்வரை இருங்கள்.